பிள்ளையின் முகத்துக்கு அந்தக் கிறீம் வேண்டாம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள தோழிக்கு,

உமது கடிதம் நேற்று மாலை கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை. நமது பெரிய ரீச்சர் இன்னமும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போய் வருகிறார். உம்மைப் பற்றி விசாரித்துவிட்டு, அந்த மாங்காய்க் கணக்கை இப்போதாவது தீர்த்துவிட்டாளா என்றும் கேட்டார். மற்றக் கதைகளைப் பிறகு எழுதுகிறேன். மகளின் சாமத்திய வீட்டுக்கு நாள் குறித்துவிட்டீர்கள் என்று வாசித்து மகிழ்ந்த அதே பக்கத்திலே, அவளுடைய கன்னங்களிலும் கண்ணிமைகளிலும் கரப்பன் படர்ந்திருக்கிறது என்றும், அலங்காரம் செய்ய வரும் பெண் ஒரு சின்ன டப்பாவில் கொடுத்த கிறீமைப் பூசிய சில நாள்களிலேயே முகம் பளபளவென்று வந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர். அந்த வரியை வாசித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தயவுசெய்து அதைப் பிள்ளையின் முகத்தில் இனிப் பூச வேண்டாம். ஏன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்து வாசியும்.

இதே வருத்தம் சென்ற கச்சான் காலத்தில் எனக்கும் வந்தது. முகத்தில் வந்ததாலோ என்னவோ, யாருக்கும் எழுத மனம் வரவில்லை. கச்சான் காற்று எப்படி என்று உமக்குத் தெரியும். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து சூடேறி இறங்கி வருகிற காற்று அது; கிணற்றடியில் காயப்போட்ட சேலை கண்ணெதிரே காய்ந்துவிடும். முதலில் கண்ணிமைகள் தடித்துச் சிவந்தன. பிறகு வாயைச் சுற்றியும் கழுத்திலும் தோல் இழுத்துப் பிடித்தது. காலையில் தலையணை உறையைத் தட்டினால் மா உதிர்வதுபோல வெள்ளைச் செதிள்கள் உதிரும். சிரித்தால் வாயோரம் வெடித்து எரியும். எல்லாவற்றையும்விடக் கொடியது இரவில் வருகிற சொறி. தூக்கத்தில் கை தானாகவே முகத்துக்குப் போய்விடும்.

அயலார் சொன்ன காரணங்களுக்குக் குறைவில்லை. கிரந்தி என்றார்கள், உடம்புச் சூடு என்றார்கள், கண்ணூறு என்றார்கள். கத்தரிக்காயையும் இறாலையும் விடச் சொன்னார்கள். வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார்கள். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. வைகாசிச் சடங்குக்கு நோன்பிருந்து, கண்ணகை அம்மனின் திருக்குளிர்த்தி முடியும்வரை கோயிலில் நிற்பவள் நான். ஆனால் வெடித்துப் புண்ணாகியிருக்கும் தோலில் மஞ்சளும் வேப்பிலையும் பட்டால் எரிச்சல் கூடுமே தவிர ஆறாது என்று தோல் வைத்தியர் தெளிவாகச் சொன்னார்.

அவர் விளக்கிய விதத்தை உமக்கும் சொல்கிறேன். நமது தோலின் மேற்படையில் செல்களுக்கு இடையே செரமைட் முதலான கொழுப்புகள் நிறைந்து, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. ஃபிலாக்ரின் என்ற புரதம் அந்தப் படையை உறுதியாக்குகிறது. கரப்பன் உள்ளவர்களில் பலருக்கு இந்தப் புரதத்தைத் தரும் மரபணுவிலேயே குறை இருக்கிறது. குடும்பத்தில் இழுப்பும் மூக்கடைப்பும் கரப்பனும் சேர்ந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வரப்பு உடைந்த வயலைப்போல, உள்ளிருக்கும் நீர் வெளியே போய்விடுகிறது, வெளியே இருக்கும் வேண்டாதவை உள்ளே வந்துவிடுகின்றன. உடல் அவற்றோடு சண்டையிடுகிறது. அந்தச் சண்டைதான் நாம் காணும் சிவப்பும் அரிப்பும். ஆகவே முகத்தில் எதைப் பூசுவது என்று தேடுவதற்கு முன்னர், எவற்றைப் படவிடக் கூடாது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

முதலில் சவர்க்காரம். தோல் இயல்பிலேயே இலேசான அமிலத் தன்மை உடையது, அதன் பிஎச் அளவு 5க்கு அண்மையில் இருக்கும். வழமையான சவர்க்காரக் கட்டியோ 9, 10 என்ற கார அளவில் இருக்கிறது. குழந்தைச் சவர்க்காரம், வேப்பிலைச் சவர்க்காரம், சந்தனச் சவர்க்காரம் என்று பெயர் மாறினாலும் பெரும்பாலும் நிலைமை அதேதான், அதோடு வாசனையும் சேர்ந்துவிடுகிறது. நான் இப்போது காலையில் வெறும் தண்ணீரால் மட்டும் முகம் கழுவுகிறேன். இரவில் சவர்க்காரம் சேராத, வாசனையில்லாத கழுவும் திரவத்தைக் கொஞ்சமாக விரல் நுனியால் தடவி, தேய்க்காமல் கழுவுகிறேன். துவாயால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்கு முன்னரே பூச்சைப் பூசிவிட வேண்டும். அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால் கழுவாமல் இருந்ததைவிடத் தோல் அதிகம் வறண்டுபோகும்.

பூச்சு எது என்று கேட்பீர். விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. இரவில் வாசனை சேராத வெள்ளை வசலினை மெல்லிய படையாகப் பூசுகிறேன். பகலில் நமது வெயிலுக்கும் வியர்வைக்கும் அது பிசுபிசுக்கும் என்பதால், கிளிசரினும் செரமைட்டும் சேர்ந்த, வாசனையில்லாத சாதாரண கிறீம். மூலிகை, இயற்கை என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கிவிடாதேயும். எலுமிச்சை எண்ணெயும் இயற்கைதான், முகத்தை எரிப்பதும் அதுதான். முற்றத்துக் கற்றாழையை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலும் அப்படித்தான். புதிதாக எதை வாங்கினாலும் ஒரு வாரம், பத்து நாள் முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இரண்டு தடவை பூசிப் பார்த்து, அங்கே ஒன்றும் செய்யாவிட்டால் மட்டும் முகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

உமது அம்மாவுக்காகத் தேங்காய் எண்ணெயைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் என்னோடு கோபித்துக்கொள்வார். வாசனை சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. 2014இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில், கரப்பன் உள்ள சிறுவர்களுக்குக் கனிய எண்ணெயைவிட அது நல்ல பலன் தந்தது. ஒலிவ் எண்ணெய் அப்படியல்ல, அது தோலின் அந்தக் காவற்படையையே பலவீனமாக்குகிறது. ஆகவே அம்மா சொன்னது பாதிக்கு மேல் சரி என்று அவரிடம் சொல்லும்.

இனி அந்தச் சின்ன டப்பா. எத்தனையோ நாளாக ஆறாத முகம் சில நாள்களில் சிவப்பும் அடங்கி வெள்ளையாகவும் பளபளப்பாகவும் மாறுகிறது என்றால், அதற்குள் பெரும்பாலும் வலிமையான ஸ்டீரொயிட் மருந்துதான் இருக்கும். குளோபெட்டசோல் அந்த வகையிலேயே மிக வலிமையானது. உள்ளங்கையிலும் காலிலும் தடித்துப்போன தோலுக்கு வைத்தியர்கள் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பது. அதை முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்த மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோலத் தெரியத் தொடங்கும். வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பும். இமையில் பூசினால் கண்ணின் அழுத்தமும் கூடலாம். நிறுத்தினால் முன்னிலும் மோசமாகச் சிவந்து எரியும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் பூசுவார்கள், மறுபடியும் வெளுக்கும். இப்படியே வருடக் கணக்காக அந்த டப்பாவை விட முடியாமல் இருக்கும் பெண்களை நான் அந்தக் கிளினிக்கின் வாங்கில் அமர்ந்திருந்தபோது என் கண்ணால் பார்த்தேன். அவர்களில் ஒருத்திக்கு உமது மகளைவிட இரண்டு, மூன்று வயதுதான் கூட இருக்கும்.

வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருக்கிறது. அது தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மினமாட்டா உடன்படிக்கை என்று 2013இல் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட ஒப்பந்தம், இப்படிப்பட்ட பூச்சுகளைத் தடைசெய்யச் சொல்கிறது. சேர்மானம் எழுதாத, தயாரித்தவரின் முகவரி இல்லாத எந்த டப்பாவும் நமது வீட்டுக்குள் வரக் கூடாது. எனக்கே ஒரு மருந்துக்கடையில், எதுவும் கேட்காமல், வைத்தியரின் துண்டும் கேட்காமல், ஒரு வலிமையான ரியூப்பை எடுத்து நீட்டினார்கள். அதன் பெயரைக் குறித்துக்கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காக ஸ்டீரொயிட் என்றாலே நஞ்சு என்று நினைத்துவிடவும் வேண்டாம். வைத்தியர் எனக்கும் அதைத்தான் முதலில் தந்தார், ஆனால் மிக மென்மையான ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 சதவீதம்; குறித்த சில நாள்களுக்கு மட்டும், அளவையும் காட்டித் தந்தார். சுட்டு விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் ரியூப்பிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம் வரும், அது விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். இமைகளுக்கு டக்ரோலிமஸ் என்ற களிம்பு எழுதினார். அது ஸ்டீரொயிட் அல்ல, தோலை மெலிய வைக்காது. ஜப்பானில் 1984இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்த மருந்து. சிறுபிள்ளைகளுக்கு 0.03 சதவீதமும் பெரியவர்களுக்கு 0.1 சதவீதமும் கொடுப்பார்கள். முதல் சில நாள்கள் எரியும் என்று அவர் முன்னரே சொல்லியிருக்காவிட்டால் நான் பயந்து எறிந்திருப்பேன். எரிவு மெல்ல அடங்கியது, இமைகளும் ஆறின.

ஒரு விஷயத்தை மட்டும் நீர் நன்றாக மனத்தில் வைத்திரும். கரப்பன் உள்ள முகத்தில் திடீரென்று ஒரே மாதிரியான சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக எழும்பி, காய்ச்சலும் வலியும் சேர்ந்து வந்தால், அது ஹெர்பிஸ் கிருமி பரவியதாக இருக்கலாம். நமது பக்கத்தில் அதை அம்மாள் வருத்தம் என்று நினைத்து, வேப்பிலை கட்டி வீட்டிலேயே கிடத்திவிடுவார்கள். அம்மனுக்கு நேர்த்தி வையும், பிள்ளையை அன்றைக்கே ஆசுபத்திரிக்கும் கொண்டுபோம். கண்ணுக்கு அண்மையில் வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம். மஞ்சள் நிறத்தில் பொருக்குக் கட்டி நீர் வடிந்தாலும் வைத்தியர் பார்க்கத்தான் வேண்டும்.

முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டீர் என்று எழுதியிருந்தது எனக்குக் கவலையாக இருக்கிறது. உணவால் கரப்பன் கூடுவது சிலருக்குத்தான், அதிலும் பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுத்துத் தேற்றுகிற நாமே, அவளை வெறும் சோற்றோடு விடலாமா? குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்ட உடனே வாய் வீங்கினாலோ தடிப்பு எழும்பினாலோ அதை வைத்தியரிடம் சொல்லும். மற்றபடி அவள் வழமைபோலச் சாப்பிடட்டும்.

சடங்கைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மஞ்சளை அவளுடைய கையிலும் காலிலும் தொட்டு வையுங்கள், முகத்தில் வேண்டாம். பிளீச் என்ற பேச்சே வேண்டாம். முகப்பூச்சு எது என்று முன்னரே கேட்டு வாங்கி, முழங்கையில் பூசிப் பார்த்துவிடும். இமைகளுக்கு ஒன்றும் பூசாமல் விட்டுவிடச் சொல்லும். ஸ்டிக்கர்ப் பொட்டின் பசையும் நகப்பூச்சும் பலருக்கு ஒவ்வாது. நகத்தில் பூசியது நகத்தை ஒன்றும் செய்யாமல், கை படுகிற இமையைத் தடிக்க வைக்கும் என்பது எனக்கே புதுச் செய்தியாக இருந்தது. இரவு படுக்கப் போகுமுன் எல்லாவற்றையும் மெதுவாகக் கழுவி எடுத்துவிட வேண்டும்.

பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு போகிறாள் என்ற இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பருவுக்காக விடுதியில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டு வகுப்புக்கே வராமல் இருந்தவர் நீர்; அவளுடைய மனது உமக்கா விளங்காது? பஸ்ஸில் அறிமுகமே இல்லாத ஒருவர், என்ன பிள்ளை முகத்தில் என்று கேட்டுவிட்டு இருக்கையை மாற்றிக்கொண்டது எனக்கு நடந்திருக்கிறது. இந்த வயதிலேயே அது வலித்தது. இது தொற்றாது என்பதை அவளுக்கும் அவளுடைய வகுப்பு ரீச்சருக்கும் நீரே போய்ச் சொல்லும். அவள் அழுக்காக இருப்பதால் வந்ததல்ல, எதையோ தின்றதால் வந்ததுமல்ல என்பதையும் சொல்லும். முழுதாகப் போய்விடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். எனக்கும் கச்சான் எழும்பினால் இலேசாகத் தலைகாட்டுகிறது. ஆனால் இப்போது வந்தவுடனே அடக்கத் தெரியும், இரவில் தூங்கவும் முடிகிறது.

அவளை இங்கே கூட்டிக்கொண்டு வாரும். போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கு நானும் வருகிறேன். பணம் எதுவும் கட்டத் தேவையில்லை, வெள்ளெனப் போய் நம்பர் எடுத்தால் போதும். அங்கே உமது பக்கத்து வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் பின்னேரமே வந்து நம் வீட்டில் தங்குங்கள். அம்மாவும் பிள்ளையைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது என்கிறார். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால், பட்டினம் வரை போகாமல் பாலத்துக்கு முன்னரே இறங்கிவிடலாம். காத்தான்குடி தாண்டும்போது ஒரு கோல் எடும், நான் தெருவுக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உம் கல்லடித் தோழி