ஸீரோ பார்க்காத ரைபிள், காயத்தோடு போன மான்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், மோட்டார் பட்டறை உரிமையாளர், பட்டர்வொர்த்
பெறுநர்: நிர்வாகி அவர்கள், பயண ஏற்பாட்டு நிறுவனம், ஜார்ஜ்டவுன், பினாங்கு
நாள்: 28 ஏப்ரல் 2025

பொருள்: நியூசிலாந்து வேட்டைப் பயணத்தில் சரிபார்க்காத ரைபிள் கொடுத்தது, துப்பாக்கி சுடும் தளத்தில் ஒதுக்கிய அரை நாளைச் சொல்லாமல் நீக்கியது

ஐயா, வணக்கம்.

ஏப்ரல் 7 முதல் 13 வரை நீங்கள் ஏற்பாடு செய்த நியூசிலாந்துப் பயணத்தில் நானும் என் மகனும் போயிருந்தோம். ஆளுக்கு 18,500 ரிங்கிட் கட்டினோம். விமானம், தங்குமிடம், சாப்பாடு எதிலும் குறை இல்லை. மான் கிடைக்கவில்லை என்றும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. வேட்டைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டி வரலாம் என்பது தெரிந்துதான் பணம் கட்டினேன். என் புகார், என் கையில் கொடுத்த ரைபிளைப் பற்றியது. அதனால் ஒரு மான் வயிற்றில் குண்டோடு காட்டுக்குள் போய்விட்டது. அதை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், விளையாட்டுக்குப் போன ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. நான் வளர்ந்தது ஆயர் ஈத்தாம் பாடாங் தெம்பாக் அடுக்குமாடியில். ஒரு காலத்தில் அங்கே துப்பாக்கி சுடும் திடல் இருந்ததால் வந்த பெயர் அது. என் அப்பா அதற்கு முன்பு நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் காவல் வேலை பார்த்தவர். தோட்டத்துக்கு லைசென்ஸ் எடுத்த ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, காட்டுப்பன்றியை விரட்ட. ஒரு முறை அடிபட்ட பன்றி ஒன்று ஓடிவிட்டது. அப்பா அன்று ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. விடியும்வரை தேடி, முடித்துவிட்டுத்தான் வந்தார். "அடிச்சதை அரைகுறையா விட்டுட்டு வந்தா சோறு இறங்காதுப்பா" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நின்றார் அல்லவா, அதைப் பார்த்த பிறகுதான் நான் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்தின் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் 50 மீட்டர் சுடுகிறேன். சுட்டு முடித்ததும் துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். நம் நாட்டுச் சட்டம் அப்படி, அது சரியும்கூட. நீண்ட தூரம் சுட ஒரு முறையாவது போக வேண்டும் என்ற ஆசை அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது.

உங்கள் கவுண்டரில் இருந்த தம்பி கொடுத்த பயணத் திட்டம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் நாள்: "துப்பாக்கி சுடும் தளத்தில் அரை நாள், உங்கள் ரைபிளை நீங்களே 100, 200, 300 மீட்டரில் சுட்டுப் பழகலாம்." ரைபிள்: "6.5 கிரீட்மோர், ஸீரோ பார்த்தது." அதாவது அந்த வகைத் தோட்டா போடும் ரைபிள், குறியைச் சுட்டுச் சரிபார்த்தது. இந்த இரண்டு வரிகளுக்காகத்தான் வேறு இரண்டு நிறுவனங்களை விட்டு உங்களிடம் வந்தேன். அதைத் தம்பியிடம் வாயாலும் சொன்னேன். "கவலைப்படாதீங்கண்ணே, எல்லாம் செக் பண்ணித்தான் குடுப்பாங்க" என்றார்.

இரண்டாம் நாள் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கியதும் வேன் நேராக டெகாபோ ஏரிக்குப் போனது. படம் எடுக்க ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். ஏரி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் ஏரி பார்க்கக் கேட்கவில்லை. மலையடிவாரத்தில் இருந்த ஆட்டுப் பண்ணைக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. வழிகாட்டி ரைபிளை எடுத்து வந்தார். அது 6.5 கிரீட்மோர் அல்ல, .308 வின்செஸ்டர். அதற்காக நான் சண்டை போடவில்லை. .308 என்பது 1952-லிருந்து இருக்கும் தோட்டா, 300 மீட்டருக்குள் ஒரு சிவப்பு மானுக்குத் தாராளமாகப் போதும். கிரீட்மோர் 2007-ல் வந்தது, இன்னும் தூரத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

நூறு மீட்டரில் ஓர் இரும்புத் தகடு தொங்கியது, ஓர் அடி அகலம் இருக்கும். ஒரே ஒரு தோட்டா சுடச் சொன்னார். டங் என்று சத்தம் வந்தது. "நல்லது, நாளைக்குப் பார்ப்போம்" என்றார். தகட்டின் நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா என்று அந்த இருட்டில் யாருக்கும் தெரியாது. தாளில் மூன்று குண்டாவது சுட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் அப்போதே அடம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காதது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐயா, இந்த வகை ரைபிளைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. போல்ட் ஆக்‌ஷனில் ஒரு குண்டு சுட்டதும் அடுத்தது தானாக வராது. போல்ட்டைக் கையால் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். அந்த இறுக்கமான பூட்டினால்தான் குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குப் போகிறது, நீண்ட தூரக்காரர்கள் இதை விரும்புவதும் அதனால்தான். ஆனால் அதற்கு விலை, முதல் குண்டு சரியாக இருந்தே ஆக வேண்டும். முதல் குண்டு சரியாக இருக்க, குழல் பார்க்கும் இடமும் மேலே உள்ள ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கி, பார்க்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைத் தாளில் சுட்டுச் சரிசெய்வதற்குத்தான் ஸீரோ பார்ப்பது என்று பெயர். ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினாலோ, தோட்டாவை மாற்றினாலோ மறுபடியும் பார்த்தாக வேண்டும்.

ஏப்ரல் 9, மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பு. ஆண் மான்கள் கத்தும் காலம் அது. காலையிலிருந்து மலை முழுக்க அந்த உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எதிர்ச் சரிவில் ஒன்று வெளியே வந்தது. தூரம் அளக்கும் கருவியில் 240 மீட்டர். இடப்பக்கம் பார்த்து நின்றது, காற்று இல்லை. நான் படுத்துக்கொண்டு, முதுகுப்பையின் மேல் ரைபிளை வைத்திருந்தேன். வழிகாட்டி பக்கத்திலேயே இருந்தார். உரிமம் இல்லாத வெளிநாட்டவர் உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில்தான் அங்கே சுடலாம். அந்த விஷயத்தில் அவர் மிகச் சரியாக நடந்துகொண்டார். வண்டியில் போகும்போது போல்ட்டைக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொள்வார். சுடத் தயாராகும்வரை துப்பாக்கிக் குழலின் அறையில் தோட்டா ஏற்ற விடமாட்டார். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று என்னையே சொல்லச் சொன்னார்.

மூச்சை விட்டு, விசையை மெதுவாக அழுத்தினேன். தோள் அசையவில்லை, கை நடுங்கவில்லை. ஸ்கோப்பின் குறுக்குக் கோடு முன்னங்காலுக்கு மேலே, நெஞ்சில் இருந்தது. மான் முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு, மெதுவாக நடந்து மரங்களுக்குள் போய்விட்டது. நெஞ்சில் பட்ட மான் அப்படி நடக்காது. போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றி முடிக்கும்போது அது கண்ணில் இல்லை.

இருட்டும்வரை தேடினோம், அப்புறம் டார்ச் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம். புல்லில் கொஞ்சம் ரத்தம், அதோடு இரைப்பையிலிருந்து வந்த பச்சை. என் மகன்தான் முதலில் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை மறுபடியும் நடந்தோம். மழை எல்லாத் தடத்தையும் கழுவிவிட்டிருந்தது.

திரும்பி வந்ததும், தாள் இலக்கு வைக்காமல் இனி ரைபிளைத் தொட மாட்டேன் என்று சொன்னேன். வழிகாட்டி உடனே வைத்தார். 100 மீட்டரில் ஐந்து குண்டு. ஐந்தும் 14 செ.மீ. அகலத்துக்குச் சிதறி, அந்தக் கூட்டத்தின் நடு, குறி வைத்த இடத்திலிருந்து 7 செ.மீ. வலப்பக்கம் இருந்தது. நூறு மீட்டரில் 7 என்றால் 240 மீட்டரில் கிட்டத்தட்ட 17 செ.மீ. இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான், நடுவிலிருந்து ஓரத்துக்கு 12, 13 செ.மீ. இடப்பக்கம் பார்த்து நின்ற மானுக்கு வலப்பக்கம் என்பது பின்பக்கம். குண்டு எங்கே போயிருக்கும் என்று அதற்குமேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் முன் வளையத்தின் ஸ்குரூவை விரல் நகத்தால் திருப்பினேன், திரும்பியது. நான் முப்பது வருடமாகப் பட்டறை நடத்துகிறேன் ஐயா. சக்கர நட்டைக் கையால் திருகி வைத்துவிட்டு, ஒரு குடும்பத்தை நெடுஞ்சாலைக்கு அனுப்ப மாட்டேன். ரைபிளின் மரக்கட்டைப் பிடியில் ஒட்டியிருந்த அட்டவணையையும் அப்போதுதான் படித்தேன். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு கீழே விழும் என்ற கணக்கு, 168 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்கு எழுதியது. எனக்குக் கொடுத்த பெட்டியில் இருந்ததோ 150 கிரெய்ன். 240 மீட்டரில் இதனால் சில சென்டிமீட்டர்தான் மாறும், மான் தப்பியதற்கு இது காரணம் அல்ல. ஆனால் அந்த ரைபிளை அந்தத் தோட்டாவோடு யாரும் சுட்டே பார்க்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

வழிகாட்டி டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்கும் சாவி) வைத்து எல்லா ஸ்குரூவையும் இறுக்கினார். மறுபடியும் சுட்டோம். இப்போது சிதறவில்லை, கொஞ்சம் வலப்பக்கம் மட்டும் போனது. ஸ்கோப்பின் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மி.மீ. நகர்த்தும். ஆறு கிளிக் இடப்பக்கம் திருப்பினார். அடுத்த மூன்று குண்டுகளையும் நம் பழைய ஐம்பது காசு நாணயம் ஒன்றால் மூடிவிடலாம். ஆக, ரைபிள் நல்ல ரைபிள். அரை மணி நேரத்தில் முடிந்த வேலை அது. ஒரு நாள் முன்னதாகச் செய்திருந்தால் அந்த மான் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே விழுந்திருக்கும்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். பழைய ஸ்கோப் உடைந்து, முந்தைய வாரம்தான் புதியதை மாட்டியதாக வழிகாட்டி சொன்னார். இரண்டாம் நாள் அரை நாள் இருக்கிறதே, அப்போது என்னை வைத்தே ஸீரோ பார்த்துவிடலாம் என்று விட்டுவைத்திருக்கிறார். பிறகு உங்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் போயிருக்கிறது, விமான நேரம் மாறியதால் சுடும் தளம் வேண்டாம், ஏரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று. அந்த மின்னஞ்சலை அவர் எனக்குக் காட்டினார். அவர் தன் தவறுக்கு என் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஏரியை விட்டுவிட்டுத் தளத்துக்குப் போகலாம் என்று சொல்லியிருப்பேன்.

கடைசி நாளன்று அந்த மானுக்காக 3,500 நியூசிலாந்து டாலர் கட்டச் சொன்னார்கள், கிட்டத்தட்ட 9,000 ரிங்கிட். காயம்பட்ட மானும் அடித்த மானாகவே கணக்கு. அது நல்ல விதி, பொறுப்பில்லாமல் சுடுகிறவனை அது தடுக்கும். ஆனால் அந்த விதி என்மேல் பாய்ந்ததற்குக் காரணம் என் பொறுப்பின்மை இல்லை. ஊர் திரும்பி உங்கள் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். நான்கு நாள் கழித்து வந்த பதில்: "வேட்டைன்னா அதிர்ஷ்டம்தான்ணே." திடீரென்று அடிக்கும் காற்று அதிர்ஷ்டம், மான் சட்டென்று திரும்பினால் அது அதிர்ஷ்டம். இறுக்காத ஸ்குரூ எப்படி அதிர்ஷ்டம் ஆகும்?

புறப்படும் முன் என் மனைவி கேட்டாள், "எதுக்குங்க அவ்வளவு தூரம் போய் ஓர் உயிரை எடுக்கணும்?" நான் பதில் சொன்னேன். அந்த நாட்டில் மான் இயற்கையாக இருந்ததில்லை, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து கொண்டுபோய் விட்டது, அடக்க வேறு மிருகம் இல்லாமல் பெருகிக் காட்டையே தின்கிறது, அரசாங்கமே வேட்டையை ஊக்குவிக்கிறது, இறைச்சி வீணாகாது, சரியான ஒரு குண்டில் அது அதிகம் துடிக்காமல் சீக்கிரம் போய்விடும் என்று. இதெல்லாம் உண்மை. ஆனால் கடைசியாகச் சொன்னது அந்த மானுக்கு உண்மையாகவில்லை. திரும்பி வந்த அன்று என்ன நடந்தது என்று அவள் கேட்டபோது என்னால் சாப்பிட முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். அந்த 3,500 டாலரையும், நீக்கிய அரை நாளுக்கு உங்கள் திட்டத்தில் போட்டிருந்த 600 ரிங்கிட்டையும் திருப்பித் தாருங்கள். பயணச் செலவு முழுவதையும் கேட்கவில்லை. அரை நாளை நீக்கியது உங்கள் முடிவு என்று நிறுவனக் கடிதத் தாளில் எழுதிக் கொடுங்கள். வழிகாட்டியின்மேல் பழியைத் தள்ளிவிட்டு வேறு ஆளைத் தேடாதீர்கள். இதைத் தனியாகவே கேட்டுக்கொள்கிறேன், அவர் நேர்மையான மனிதர்.

இன்றிலிருந்து 14 நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் திரிபூனலில் (தீர்ப்பாயத்தில்) மனு கொடுப்பேன். 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம், மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் ஒரு பிரதி கொடுப்பேன். பணம் கட்டிய ரசீது, உங்கள் பயணத் திட்டம், வாட்ஸ்அப் பதில், இரண்டு இலக்குத் தாள்களின் படம் எல்லாம் இதோடு வைத்திருக்கிறேன். முதல் தாளில் ஐந்து ஓட்டை, இரண்டாவதில் மூன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு மார்ச் கடைசியில் இன்னொரு குழு போகப்போவதாக உங்கள் தம்பி சொன்னார். அவர்களின் திட்டத்தில் அந்த அரை நாள் இருக்கிறதா, யார் ரைபிளைத் தாளில் சுட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடப்போகிறார் என்பதையும் அதே பதிலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பட்டர்வொர்த்