மரடோனா இருக்கிறார், ஒப்பந்தம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் 'வரலாற்றில் இன்று' பகுதியைத் தினமும் வெட்டி எங்கள் பாடசாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை அதை வாசிக்கும். கடந்த ஒக்டோபர் 30ஆம் திகதி, மரடோனாவின் பிறந்தநாள் (1960) என்றதும் பின்வரிசையில் ஒரே கைதட்டல். அணு விஞ்ஞானி ஹோமி பாபா (1909) வந்தார். முத்துராமலிங்கத் தேவரும் வந்தார். 1908இல் பிறந்ததும் 1963இல் மறைந்ததும் அதே நாளாம், பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மட்டும் வரவேயில்லை.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் 1964 ஒக்டோபர் 30இல் புதுடில்லியில் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் அது. இலங்கையில் பிரஜாவுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாக முடித்தார்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பெரியப்பா, ஒரு சின்னம்மா வழிச் சொந்தம் உண்டு. எப்படி அங்கே போனார்கள் என்று கேட்டால், "கப்பல்ல போனாங்க சேர்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானதும் ஒக்டோபர் 30தான், 1999இல். அதற்கு உங்கள் பத்திரிகையில் அஞ்சலி விளம்பரம் வந்தது. காசு கொடுத்தவர் போடுவது வேறு, பத்திரிகை தானாகச் சொல்வது வேறு. 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதும் இதே நாளில். அதுவும் இல்லை. ஆனால் 1938இல் ஒரு வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவில் சிலர் பயந்துபோன கதைக்கு நான்கு வரி! எனக்கும் பிடித்த கதைதான். இருந்தாலும் இடம் குறைவு என்று நீங்கள்தானே அடிக்கடி சொல்கிறீர்கள்.

ஜனவரி 10ஐப் பாருங்கள். ஜேசுதாஸின் பிறந்தநாள் என்று வருடம் தவறாமல் போடுகிறீர்கள். ஐயப்பன் விரதக் காலம் அது; தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலை அவர் குரல்தான் கேட்கும், கறுப்பு வேட்டி கட்டிய பையன்கள் அதோடு சேர்ந்து பாடுவார்கள். அவர் கொச்சியில் பிறந்தது 1940 ஜனவரி 10. அதே 1940, அதே ஜனவரி 10இல்தான் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். மலையகத் தியாகிகள் தினம் ஜனவரி 10இல் வருவது அவரால்தான். பாடகரை எடுத்துவிடச் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் போட்டால் போதும், மிச்சத்தை வாசிக்கிற பிள்ளை கேட்கும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட லூல்கந்துரவும் அந்த ஹேவாஹெட்டைப் பக்கம்தான். டெய்லரின் பெயரை எங்கள் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள், கோவிந்தனைத் தெரியாது.

டெவன் தோட்டத்தில் தொழிலாளி சிவனு லெட்சுமணன் பொலிஸாரால் சுடப்பட்டு இறந்த 1977 மே 11, மடகொம்பரையில் மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை பிறந்த 1914 செப்டெம்பர் 14 ஆகியவையும் பட்டியலில் ஏறட்டும். ஹஜ் பயணிகளோடு வந்த விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் மாண்ட 1974 டிசம்பர் 4ஐயும் சேருங்கள். இறந்தவர்கள் நம் ஊரவர்கள் அல்லர்தான், ஆனால் மலை நம்முடையது.

தேயிலை தினத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஐ.நா. அறிவித்தது மே 21. அதற்கு முன்பிருந்தே தொழிற்சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் கொண்டாடி வந்தது டிசம்பர் 15. என்னைக் கேட்டால் டிசம்பர்தான்; மே 21இல் ராஜீவ் காந்தி கொலைச் செய்தி பக்கத்தை நிறைத்துவிடும், தேயிலைக்கு மூலைதான் கிடைக்கும்.

நவம்பர் 15 நெருங்குகிறது. மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் 1948இல் நடைமுறைக்கு வந்த நாள் அது. பாராளுமன்றத்தில் நிறைவேறியது அதற்கு முன்பே என்பதால், 'நடைமுறைக்கு வந்த நாள்' என்றே தெளிவாகப் போடுங்கள். இல்லாவிட்டால் எங்கள் பத்தாம் தரப் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் திகதி பிழை என்று என்னிடம் வந்து நிற்பார்கள். ஒரு வரி போதும். அன்றைய பத்திரிகையை வெட்டி ஒட்டுவதற்கு எட்டாம் தரத்தை ஏற்கெனவே நியமித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்,
தலவாக்கலை