பூச்சியம் எங்கே நிற்கிறது?

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வந்தாறுமூலை வளாகத்துக்கே எடுபட்டது நல்ல செய்தி, வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கலாம். இங்கே எல்லோரும் சுகம். பின்னேரம் ஆனால் இடி மழை, காலி வீதி நெரிசல், வழக்கமான கொழும்புதான்.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வாவிக்கரைக் கண்டல், அதற்குள் வந்து விழும் வாய்க்கால், பக்கத்தில் மண் போட்டு நிரப்பிய மைதானம் மூன்றையும் மாரிக்கு முன் அளக்கத் தொடங்கவேண்டும், கையில் கொஞ்சக் காசு இருக்கிறது, என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கருவியைக் கடைசியாக யோசி மச்சான். நீர்மட்டம், சேற்று மட்டம், தரை மட்டம் எல்லாமே ஏதோ ஒரு பூச்சியத்திலிருந்துதான் அளக்கப்படுகின்றன. அந்தப் பூச்சியம் தானும் கீழே போய்க்கொண்டிருந்தால், எவ்வளவு விலையான கருவி வைத்தாலும் வரும் எண் பொய்தான். கொழும்பில் இந்த வேலை செய்பவர்கள் படும் பாட்டில் பாதி இதனால் வருவது.

களனி கங்கையை எடு. கொழும்பில் நாகலகம் வீதியிலுள்ள நீர்மட்ட அளவுகோலை இன்னும் அடியில்தான் வாசிக்கிறார்கள். 5 அடியில் சிறுவெள்ளம், 7 அடியில் பெருவெள்ளம். மேலே ஹங்வெல்லவில் அதே ஆற்றை மீற்றரில் வாசிக்கிறார்கள், அங்கே 8 மீற்றர் சிறுவெள்ளம், 10 பெருவெள்ளம். அடி, மீற்றர் குழப்பம் சின்னது, பெருக்கினால் தீரும். பெரியது, ஒவ்வொரு கோலின் பூச்சியமும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதுதான். வானொலியில் இரண்டு எண்களையும் அடுத்தடுத்துக் கேட்கிற சனம், ஹங்வெல்லவில் தண்ணீர் நாகலகம் வீதியைவிடக் கூட என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டையும் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிடலாம்.

ஆகவே உன் முதல் செலவு மட்டக்குறிகள், அதாவது உயரம் தெரிந்த நிலையான புள்ளிகள். குறைந்தது மூன்று போடு, மூன்றும் ஒரே அத்திவாரத்தில் இருக்கக்கூடாது. ஒன்று ஆழமாக இறக்கிய கம்பியில், ஒன்று தூண் இறக்கிக் கட்டிய பழைய பாலத்திலோ கட்டடத்திலோ, மற்றது இறுகிய தரையில் கொங்கிறீற்றுக்குள். மூன்றுக்கும் இடையிலான உயர வித்தியாசத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் எது அசைகிறது என்று தெரிந்துவிடும். இரண்டே இரண்டு இருந்தால் ஏதோ ஒன்று அசைகிறது என்பதுவரைதான் தெரியும், எது என்று தெரியாது. லெவல் கருவியால் உயரம் பார்க்கும்போது, கருவியிலிருந்து முன்னால் நிற்கும் கோலுக்கும் பின்னால் நிற்கும் கோலுக்கும் தூரம் சமமாக இருக்கட்டும், அப்போது கருவியின் பார்வைக்கோடு சற்றுச் சரிந்திருந்தாலும் அந்தப் பிழை கழிந்துவிடும். ஒரு கிலோமீற்றர் சுற்றிப் புறப்பட்ட குறிக்கே வந்து மூடினால் வித்தியாசம் 4 மில்லிமீற்றருக்குள் வரவேண்டும். 12 வந்தால் வெள்ள வேலைக்குப் போதும், நிலம் தாழ்வதைப் பார்க்கப் போதாது.

வாய்க்காலில் கோலை நட்டபிறகு அழுத்த லொகர் (தண்ணீருக்குள் கிடந்து அழுத்தத்தைத் தானே பதியும் கருவி) ஒன்று போடலாம், விலை பரவாயில்லை. ஆனால் அது நீரின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான் எழுதும். ஒரு ஹெக்டோபாஸ்கல் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர். எங்கள் நாட்டில் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை, காலை பத்து மணிபோலவும் இரவு பத்து மணிபோலவும், உச்சிக்குப் போய் இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். காற்றழுத்தத்தைக் கழிக்க மறந்தால் வற்றுப்பெருக்கே இல்லாத குளத்திலும் 3 சென்ரிமீற்றர் வற்றுப்பெருக்கு வரும். பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருப்பதால் அதை நம்பி அறிக்கை எழுதிவிடுவார்கள். கரையில் மரநிழலில் இன்னொரு லொகரைக் காற்றில் தொங்கவிடு, இரண்டின் மணிக்கூட்டையும் ஒரே நாளில் சரிசெய். காற்றுக்குழாய் வைத்த கேபிள் வாங்கினால் இந்தக் கழித்தல் வேண்டாம், ஆனால் அதன் நுனியில் ஈரம் உறிஞ்ச இருக்கும் சிலிக்கா ஜெல் எங்கள் ஈரப்பதத்துக்குக் கெதியாக நிறம் மாறிவிடும். மாற்றாமல் விட்டால் குழாய்க்குள் நீர்த்துளி அடைத்து எண்கள் மெதுவாக வழுகும். திடீரென்று குதித்தால் கண்டுபிடிக்கலாம், வழுகுவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

உனக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, உப்பு. லொகர் தன் கணக்கில் நன்னீர் என்றே எடுத்துக்கொள்ளும். கடல்நீரின் அடர்த்தி 2.5 வீதம் கூட. 2 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் லொகர், தண்ணீர் நன்னீரிலிருந்து கடல்நீராக மாறினாலே போதும், மட்டம் அசையாமல் 5 சென்ரிமீற்றர் உயர்ந்ததாகச் சொல்லும். அதனால் மின்கடத்துதிறனையும் சேர்த்து அளக்கும் லொகரை வாங்கு, அதிலிருந்து உப்பின் அளவு தெரியும். போகும் நாளெல்லாம் கோலையும் கண்ணால் வாசித்து நேரத்தோடு எழுது. லொகரைத் திருத்த அந்தக் கைவாசிப்பு ஒன்றுதான் சாட்சி.

உப்பை மேலே மட்டும் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதே. களனியில் வரட்சிக் காலத்தில் கடல்நீர் அடியோடு ஊர்ந்துதான் ஏறும். மேலே வாளியில் அள்ளினால் நன்னீர், அடியில் கரிப்பு. அம்பத்தளையில் கொழும்புக்கான குடிநீர் எடுக்கும் இடத்துக்கு உப்பு வராமல் முன்பு மணல் மூட்டை அடுக்கித் தடுத்ததும் இதற்காகத்தான். மணல் அகழ்ந்து அகழ்ந்து ஆற்றின் அடி தாழ்ந்தது அந்த உப்புக்கு இன்னும் வழிவிட்டது. ஆழத்தில் அரை மீற்றருக்கு ஒரு வாசிப்பு, அடிவரை எடு.

நீரோட்டம் அளப்பது உனக்குத் தெரியாததல்ல. குறுக்குவெட்டை 20, 25 நிலைக்குத்துகளாகப் பிரி, எந்தவொரு துண்டிலும் மொத்தப் பாய்ச்சலின் 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஆழம் 75 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் மேலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒரு வாசிப்பு, கூடவென்றால் 0.2இலும் 0.8இலும் எடுத்துச் சராசரி. 2 மீற்றர் அகலத் துண்டு, 1.5 மீற்றர் ஆழம், செக்கனுக்கு 0.4 மீற்றர் வேகம் என்றால் அந்தத் துண்டில் 1.2 கனமீற்றர். ஏடிசிபி (படகிலிருந்து ஒலியலையால் நீரோட்டம் அளக்கும் கருவி) இரவலாகக் கிடைத்தால் நல்லது, ஆனால் வெள்ள நேரத்தில் அடிமணலே நகரும். படகு ஆற்றின் மேல்நோக்கிப் போகிறது என்று கருவி நினைத்துப் பாய்ச்சலைக் குறைத்துக் காட்டும். அக்கரைக்குப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, எவ்வளவு தூரம் மேல்நோக்கி நகர்ந்ததாகக் காட்டுகிறது என்று பார்த்துத் திருத்து. இரும்புப் பாலத்துக்குக் கீழே அதன் திசைகாட்டியை நம்பாதே.

மட்டத்திலிருந்து பாய்ச்சலைக் கணிக்கும் வளைகோடு ஹங்வெல்ல போன்ற இடத்தில் சரிவரும், அதுவும் ஆற்றடி மாறாதவரை. நாகலகம் வீதியில் கடல் பின்னால் இருந்து தள்ளும், ஒரே மட்டத்துக்கு இரண்டு மூன்று பாய்ச்சல். உன் வாய்க்காலும் அதே சாதி. வளைகோடு வரைந்து நேரத்தை வீணாக்காமல் வேகத்தைத் தொடர்ந்து அளக்கும் கருவியொன்றைப் பக்கச் சுவரில் பொருத்து.

இனிச் சேறு. இதில்தான் எனக்கு ஆசை அதிகம். கொழும்பு 2018இல் ராம்சார் என்ற ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரம் பெற்ற ஈரநில நகரமானது, எல்லோரும் பெருமைப்படுகிறோம். ஆனால் கொலன்னாவ, முத்துராஜவெல போன்ற இடங்களில் தரை வருடத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதைச் செய்மதிப் படத்தால் மட்டும் சொல்லமுடியாது. அதற்கு ரொட்-செட் வேண்டும், ஆழமாக இறக்கிய கம்பியிலிருந்து சேற்றின் மட்டத்தை அளக்கும் அமைப்பு அது. துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளை ஒன்றோடொன்று திருகித் திருகி, மேலும் இறங்க மறுக்கும்வரை அடித்து இறக்கு. தலையைக் கொங்கிறீற்றில் பிடித்து, சில வாரம் ஆறவிடு. பிறகு ஒவ்வொரு தடவையும் கை என்று சொல்லும் அதே கிடைச் சட்டத்தைக் கம்பித் தலையில் பூட்டி, நீர்க்குமிழி பார்த்து மட்டமாக்கி, 9 ஊசிகளைச் சேற்றில் முட்டும்வரை மெல்ல இறக்கி, கைக்கு மேலே நிற்கும் நீளத்தை அளக்கவேண்டும். நான்கு திசை, 36 வாசிப்பு. ஊசி நண்டுப் பொந்துக்குள் போனாலோ வேரில் நின்றாலோ அதையும் எழுது, நீக்குவதா வைப்பதா என்று பிறகு பார்க்கலாம். முட்டுவது என்றால் என்ன என்பதில் ஆளுக்கு ஆள் கை வேறுபடும், இயன்றவரை ஒரே ஆளே வாசிக்கட்டும். முக்கியமானது பலகை. சுற்றி நிரந்தரக் கால்கள் நட்டுப் பலகை போட்டு அதில் நின்றுதான் வேலை. அளக்கும் இடத்தில் ஒரு தடவை கால் வைத்தாலும் அந்த இடத்தின் வரலாறு முடிந்தது.

பக்கத்திலேயே அரை மீற்றர் சதுரத்தில் பெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கல்மாவைத் தூவிவிடு. அடுத்த வருடம் கேக் வெட்டுவதுபோல ஒரு துண்டு வெட்டினால் வெள்ளைக் கோட்டுக்கு மேலே எவ்வளவு படிந்திருக்கிறது என்று தெரியும். படிவு 6 மில்லிமீற்றர், ரொட்-செட் காட்டும் ஏற்றம் 2 என்று வை. மிச்சம் 4 கம்பியின் அடிக்கும் மேற்பரப்புக்கும் இடையில் அமுங்கியிருக்கிறது. உலகக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர் ஏறியது. அப்படியென்றால் படிவு நிறைய இருந்தும் அந்தக் கண்டல் தோற்றுக்கொண்டிருக்கிறது. படிவை மட்டும் அளப்பவன் இதைக் காணமாட்டான். நண்டு கூடிய இடத்தில் வெள்ளைக் கோடு இரண்டு மூன்று வருடத்தில் கலந்து காணாமல் போகும், ஆகவே மூன்று சதுரமாவது போடு.

கம்பியின் அடிக்கும் கீழே நிலம் தாழ்ந்தால் ரொட்-செட்டுக்குத் தெரியாது, அதுவும் சேர்ந்தே இறங்கும். அதற்குக் கம்பித் தலையில் ஜிபிஎஸ் வைத்து, நில அளவைத் திணைக்களத்தின் நிரந்தர நிலையங்களோடு கட்டிக் கணக்கிடவேண்டும். ஒரு நாள் முழுக்க வைத்தாலும் உயரம் கிடையைவிட இரண்டு மூன்று மடங்கு மோசமாகத்தான் வரும், வருடக்கணக்கில் சேர்த்தால்தான் போக்குப் புரியும்.

செய்மதி ராடார் பற்றியும் கேட்டாய். சென்ரினல்-1 ராடார் செய்மதி ஒவ்வொன்றும் 12 நாளுக்கு ஒரு தடவை ஒரே பாதையில் வரும், அலைநீளம் 5.6 சென்ரிமீற்றர் அளவு, இரண்டு நாள் படங்களை ஒப்பிட்டு வரும் வரைபடத்தில் ஒரு நிறவளையம் என்றால் செய்மதி பார்க்கும் திசையில் 2.8 சென்ரிமீற்றர் அசைவு. கொழும்பின் வரைபடத்தில் கோபுரங்கள் எல்லாம் அசையாமல் பச்சையாக நிற்கும், ஏனென்றால் அவை ஆழத்தூணில் நிற்கின்றன. கீழே நடைபாதை இறங்கி, கட்டட வாசலில் படி ஒன்று கூடியிருக்கும், அதை ராடார் காணாது. கட்டடத்துக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள அந்த வெடிப்பில் ஒரு அங்குல அளவுகோலை ஒட்டி வருடம் ஒரு படம் எடுத்தால் அதுவே தரவு. சதுப்பில் புல் அசைவதால் ராடார் சிக்னல் குலைந்து வெறுமையாக இருக்கும், வெறுமையைப் பார்த்து அசைவில்லை என்று வாசித்துவிடுவார்கள். எல்-பாண்ட் என்ற நீண்ட ராடார் அலை செடிக்குள் இன்னும் நன்றாகப் போகும், 2025 யூலையில் ஏவிய நிசார் செய்மதி அந்த வகை. எந்த ராடார் என்றாலும் ஒப்பீட்டுப் புள்ளியை நாமே தெரிவு செய்கிறோம். கபுக் என்று மேசன்மார் சொல்லும் இறுகிய செம்பாறைத் தரையில் எடு, கரையோர நிரப்பில் எடுத்தால் முழு நகரமும் மேலே ஏறுவதாகக் காட்டும்.

மைதானத்துக்கு இவ்வளவு ஒன்றும் வேண்டாம். நிரப்பின் அடியில் இரும்புத் தட்டு, நடுவில் கம்பி, கம்பியைச் சுற்றி மண் பிடிக்காதபடி பிவிசி குழாய். நிரப்பு உயர உயரக் கம்பியை நீட்டவேண்டும். நீட்டுவதற்கு முன்னும் பின்னும் தலையின் மட்டத்தை எடு, எடுக்காவிட்டால் வரைபில் ஒரு படி வரும், பிறகு யாராலும் பிரிக்கமுடியாது. பெக்கோக்காரர் இடிக்காமல் சிவப்புக் கொடி கட்டு. நிரப்புக்கு வெளியேயும் முளைகள் நட்டு மட்டம் பார். உள்ளே இறங்குவதைவிட வெளியே மேலெழும்புவதுதான் ஆபத்து, அடிச்சேறு பக்கமாகப் பிதுங்குகிறது என்று அர்த்தம். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்ததை நினைத்துக்கொள். பெருஞ்சுமையை மென்சேற்றில் ஏற்றிய இடம் அது.

சில்லறை விஷயங்கள். இரும்புக் குழாய் போட்டால் பழைய இரும்புக்காக ஒரு நாள் காணாமல் போகும், பிவிசி போடு. முழங்கால் வரை பூட்ஸ், காலில் காயமென்றால் அன்றைக்கு இறங்காதே, எலிக்காய்ச்சல் மாத்திரை பற்றி வேலை தொடங்க முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேள்.

கம்பி இறக்கும் வேலையை ஐப்பசிக்கு முன் முடித்துவிடு, மழைச் சேற்றில் பலகையே நிற்காது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணலை வெட்டித் திறக்கிற நாளில் வாவி சில மணித்தியாலத்தில் இறங்கும், அதற்காக லொகரை 10 நிமிடத்துக்கு ஒரு வாசிப்பாக வை. மட்டக்குறிகளுக்குத் தெரிவுசெய்த மூன்று இடங்களின் படமும், மைதானத்தை என்ன மண்ணால், எத்தனை அடி உயரத்துக்கு நிரப்பினார்கள் என்ற விபரமும் அடுத்த கடிதத்தில் அனுப்பு. ரொட்-செட் கைக்கு இங்கே லேத்தில் செய்விக்க விலை கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
குமார்