பழைய பேப்பர்க்காரர் திருப்பித் தந்த 41 ஓவியங்கள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் தந்தையார் 1960களிலும் 70களிலும் வரைந்த, உருவங்களற்ற அரூப நீர்வண்ண ஓவியங்களின் கண்காட்சி, சென்னையில் பன்னிரண்டு நாட்கள் நடைபெற்று, கடந்த ஞாயிற்றுக்கிழமை நிறைவடைந்தது. அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்க்காரருக்கு உரியது. வீட்டை இடித்துக் கட்டுவதற்காகப் பரணை ஒழித்தபோது, தகரப் பெட்டியில் இருந்த செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடைக்குப் போட்டுவிட்டோம்; இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று மாலையே அவர் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு வந்து, தாள்களுக்கு நடுவே வண்ணம் தீட்டிய காகிதங்கள் இருப்பதைக் காட்டினார். கொடுத்த பணத்தைத் திருப்பி நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். எண்ணிப் பார்த்தோம்: 41 இருந்தன.

தந்தையார், சென்னை ஓவியக் கல்லூரியில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வராக இருந்தபோது பயின்றவர். 1966இல் பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் ஒன்றுகூடி, சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்து, மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களை விற்ற வருவாயை நம்பி வாழத் தொடங்கிய நாட்களில், தங்கைகளின் திருமணப் பொறுப்பைச் சுமந்த அவர் ஊருக்குத் திரும்பிப் பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். கரும்பலகையில் மாம்பழமும் பூச்சாடியும் வரைந்து காட்டும் டிராயிங் வாத்தியாரைத்தான் ஊரும் நாங்களும் அறிந்திருந்தோம்.

ஓவியங்களைக் காப்பாற்றிய காகிதப் பாதுகாப்பு நிபுணரான அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவரிடம் போவதற்கு முன் அவசரப்பட்டு ஒரு பிரேம் கடையில் கொடுத்த இரண்டு படங்களை, அங்கே கோந்து தடவி ஹார்ட்போர்டில் ஒட்டிவிட்டார்கள். அவற்றைப் பிரித்தெடுக்கவே அவருக்கு ஐந்து வாரங்கள் ஆயின. செய்தித்தாளின் அமிலம் ஏறி ஓரங்கள் பழுத்திருந்தன; ராமபாணப் பூச்சி அரித்த இடங்களை, ஜப்பானிய மெல்லிழைத் தாளைக் கோதுமைப் பசையால் பின்புறம் ஒட்டி அவர் அடைத்தார். ஆனால் அதே பெட்டியின் இருட்டுதான் வண்ணங்களை வெளுக்காமல் வைத்திருந்தது என்பதையும் அவரே விளக்கினார். எங்கள் கூடத்தில் சன்னலுக்கு எதிரே பல ஆண்டுகள் தொங்கிய ஒரே படத்தில், ரோஜாச் சிவப்பு இருந்த இடம் இப்போது வெறும் சாம்பல் கறை. சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருந்த விரலகலப் பகுதியில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது.

கையொப்பம் இல்லாத அரூப ஓவியங்களில் எது மேல், எது கீழ் என்ற கேள்வியும் எழுந்தது. சாய்த்து வைத்த பலகையில் வண்ணநீர் வழிந்து, கீழ் விளிம்பில் தேங்கிக் காயும்போது அங்கே ஓர் அடர்த்தியான கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்து அம்மையார் பெரும்பாலானவற்றின் திசையை முடிவு செய்தார். ஒரு நீலப் படத்துக்கு மட்டும் எங்கள் அம்மா ஒப்பவில்லை. தந்தையார் இரவில் பலகையை மடியில் வைத்து நாலா பக்கமும் திருப்பித் திருப்பி வண்ணத்தை ஓடவிடுவார் என்று சொல்லி, அதைத் தலைகீழாக்கி மாட்டச் சொன்னார். 86 வயதில், பன்னிரண்டு நாட்களும் வந்து அமர்ந்திருந்த அம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

முன்பு நாங்கள் அணுகிய ஓர் இடத்தில், நீர்வண்ணம், அதிலும் அரூபம், விலைபோகாது என்று படங்களைப் பார்க்காமலேயே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு, வாடகை பெறாமல் தம் காட்சிக்கூடத்தைத் தந்ததோடு, 28 படங்களைத் தேர்ந்தெடுத்து அமிலமற்ற அட்டையில் பொருத்தும் செலவையும் ஏற்ற உரிமையாளருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அரங்கு இருட்டாக இருப்பதாகப் பலர் குறைபட்டுக்கொண்டார்கள். நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் என்ற ஒளி அளவுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பதால், ஒவ்வொரு விளக்கையும் ஏணியில் ஏறி அளந்து தணித்த மின்பணியாளரின் பொறுமையே அந்த மங்கலான வெளிச்சம்.

தந்தையாரின் மாணவர்கள், அவர்களில் பலர் இன்று தாத்தாக்கள், முறைவைத்துக் காவல் இருந்தார்கள். படத்தைத் தொட வந்த குழந்தைகளை அவரைப் போலவே காதைத் திருகும் பாவனையில் மிரட்டினார்கள். கடைசி நாளன்று பழைய பேப்பர்க்காரர், உழவன் விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து மகளுடன் வந்திருந்தார். எந்தப் படம் எந்தக் கட்டில் இருந்தது என்பதை அவரால் சொல்ல முடிந்தது.

எஞ்சிய 13 ஓவியங்களின் சீரமைப்பு இன்னும் முடியவில்லை. தந்தையார் தம் மாணவர்கள் சிலருக்குப் பொங்கல் வாழ்த்தாக அஞ்சலட்டையில் இத்தகைய படங்களை வரைந்து அனுப்பியதாக அரங்கில்தான் அறிந்தோம். வைத்திருப்பவர்கள் காட்டினால் படம் பிடித்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். தயவுசெய்து யாரும் அவற்றை லேமினேட் செய்துவிட வேண்டாம்.

நன்றியுடன்,
ஓவியரின் மூத்த மகள்