பொன்னேர் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், மேலத்தெரு அத்தைமார், மதினிமாருக்கும், இளவட்டப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சென்னை வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லத்தான் நினைத்தேன். பேச ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

போன சித்திரைக்கு அப்பாவின் வருஷத் திதி முடிந்திருக்கவில்லை. வீடு பூட்டியே கிடந்தது. இந்த வருஷம், 2025-ல், பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. சாத்தா கோயிலில் பொங்கலிட்டுவிட்டு ஞாயிறு ராத்திரியே பஸ் ஏறுவதாகத்தான் இருந்தோம். திங்கட்கிழமை விசுவாவசு வருஷம் பிறக்கிறது, சித்திரை ஒன்று, ஊரே சேர்ந்து முதல் ஏர் பூட்டும் பொன்னேர் நாள். தம்பியோ வெளிநாட்டில். எங்கள் வீட்டிலிருந்து ஏர் பூட்ட ஆள் இல்லாமல் அந்த நாளில் ஊரில் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் கீழத்தெருப் பெரியப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "மக வீட்டுப் பேரன் பூட்டுனா ஏர் வேண்டாங்குமா? இருந்துட்டுப் போ தாயி" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா, அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்கள் கை. மோட்டார் ஓடாமல் போனதும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து குழாய் இழுத்துத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். அம்மா அம்பாசமுத்திரத்துக்காரி என்பதால் எங்கள் வீட்டில் மட்டும் வருஷப் பிறப்பன்று கண் விழித்ததும் முதலில் பார்க்க கொன்றைப்பூவோடு வைக்கும் விஷுக்கனி உண்டு. சரக்கொன்றைக்கு எங்கே போவது என்று அம்மா புலம்பியதைக் கேட்டு, யாரோ ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கொத்தை வாசல் நிலையில் செருகிவிட்டுப் போயிருந்தீர்கள். யாரென்று இன்னும் தெரியவில்லை. விடியற்காலை கண்ணைப் பொத்தியபடி பிள்ளைகளைக் கூட்டிவந்து கண்ணாடி முன்னால் நிறுத்தியபோது, நெல்லுக்கும் வெள்ளரிக்காய்க்கும் நடுவில் அந்த மஞ்சள்தான் முதலில் தெரிந்தது.

ஊரில் இப்போது மாடு இரண்டே ஜோடி. மற்றதெல்லாம் டிராக்டர். அதில் ஒரு ஜோடியை வைத்திருக்கும் அண்ணாச்சி, தன் ஏரை ஓட்டிக்கொண்டு போகாமல், எங்கள் அப்பாவின் கலப்பையில் பூட்டிக் கொடுத்தார். கோயில் வாசலில் நுகத்துக்குச் சந்தனம் வைக்கும்போது அவர் எதுவும் பேசவில்லை. வயலில் இறங்கியதும் என் மகனுக்குப் பின்னால் நின்று, அவன் கைமேல் தன் கையை வைத்தார். பதினோரு வயசுப் பையன், பயத்தில் மேழியை இறுக்கிப் பிடித்திருந்தான். "அமுக்காதடே. சும்மா கையில இருந்தாப் போதும், மாட்டுக்குத் தெரியும்" என்றார். கொழு இறங்கி, காய்ந்து வெடித்துக் கிடந்த கரிசல் கட்டி கட்டியாகப் புரண்டது. பாதிச் சாலில் அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். பையன் அதைக் கவனிக்கவே இல்லை, கடைசிவரை ஓட்டிவிட்டான். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மானாவாரி நிலத்தில் சித்திரையில் விதைப்பு கிடையாது, புரட்டாசி, ஐப்பசி மழைக்குத்தான் உளுந்தும் கம்பும் சோளமும். ஆனாலும் கோடை மழை உள்ளே இறங்க மண்ணைப் புரட்டிப் போட்டாக வேண்டும், அதற்கு ஊரே சேர்ந்து நாள் பார்த்துத் தொடங்கும் முதல் உழவு இது. 2008-லிருந்து 2011 வரை அரசுக் கணக்கில் புத்தாண்டு தை முதல் நாளுக்குப் போயிருந்தபோதும் நம் ஊரில் சித்திரை ஒன்றாம் தேதி ஏர் நிற்கவில்லை. அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார்.

உழுது திரும்பியவர்கள்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய மதினிமாரே, என் மகனின் அந்தச் சட்டையை நான் துவைக்கவில்லை. அவன் விடவில்லை. உடன்குடிக் கருப்பட்டியில் பானக்கம் கரைத்த அத்தை, அந்த வெயிலில் சுக்கு வாசனையோடு உள்ளே இறங்கிய அந்தச் சொம்பு இன்னும் நினைப்பில் இருக்கிறது. வேப்பம்பூவை உதிர்த்துப் பொட்டலம் கட்டித் தந்தது நல்லதாகப் போயிற்று, இங்கே ரசம் வைத்தோம்.

கலப்பையைத் துடைத்து எண்ணெய் தடவித் தொழுவத்துப் பரணில் வைத்திருக்கிறேன். சாவி எதிர்வீட்டு ஆச்சியிடம். அடுத்த சித்திரைக்குத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் ஒரு ஜோடி மாடு வேண்டும் அண்ணாச்சி, இப்போதே சொல்லி வைக்கிறேன்.

என்றும் உங்கள்,
மேலத்தெரு வேப்பமரத்து வீட்டு மகள்