மீற்றரோடு வாருங்கள், ஆறரைக்குப் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ-9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் எங்கள் ஒழுங்கை, உப மின் நிலையத்தின் வேலியில் போய் முட்டி நிற்கிறது. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஆகவே அயலில் யாருக்குப் பயம் வந்தாலும் என் வீடுதான் ஆஸ்பத்திரி, என் வீடுதான் கச்சேரி.

போன மாதம் பக்கத்து வளவுப் பிள்ளை வந்தாள். ஏழு மாத வயிறு. "ரீச்சர், இரவில அந்த இரைச்சல் தலையணைக்குள்ள கேக்குது. பிள்ளைக்கு ஏதும் செய்யுமோ?" என்றாள். ரான்ஸ்போமருக்குள் இருக்கும் இரும்புத் தகடுகள் நொடிக்கு நூறு தடவை அதிர்வதால் வருகிற சத்தம் அது, நித்திரையைக் கெடுக்கும், பிள்ளையை ஒன்றும் செய்யாது என்றேன். (நித்திரை கெடுவது சின்ன விஷயம் என்பவர்கள் அந்த அறையில் ஓர் இரவு படுத்துப் பார்க்கட்டும்.) பிறகுதான் அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். புற்றுநோய் என்று வாயால் சொல்லவில்லை. "அந்த வருத்தம்" என்றாள்.

இதையே நான் ஊர்க்கூட்டத்தில் கேட்டிருந்தேன். மின்சாரப் பகுதியிலிருந்து வந்திருந்த உத்தியோகத்தர், "எல்லாம் சர்வதேச அளவுக்கு உள்ளேதான் அம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன அளவும் இந்தப் பிள்ளை பயப்படும் அளவும் வேறு வேறு. வீட்டுக்கு வரும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் கம்பியைச் சுற்றி உண்டாக்கும் காந்தப் புலத்துக்குப் பொதுமக்களுக்கென்று 2010இல் வைத்த சர்வதேச எல்லை 200 மைக்ரோ ரெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). உடனடியாக நரம்பைத் தாக்காமல் இருக்க வைத்த எல்லை அது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகள் பேசுவதோ, வீட்டுக்குள் நாளெல்லாம் சராசரியாக 0.3, 0.4 மைக்ரோ ரெஸ்லாவுக்கு மேல் இருப்பதைப் பற்றி. அப்படியான வீடுகளில் அந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காணப்பட்டது. காந்தப் புலம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002இல் இதைப் புற்றுநோயை "ஏற்படுத்தக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. நோயும் அபூர்வமானது, அப்படிப்பட்ட வீடுகளும் குறைவு. சரி, எங்கள் வீடுகளில் எவ்வளவு? அதைத்தான் ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.

அயலவர்கள் ரான்ஸ்போமரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அதன் புலம் வேலிக்கு வெளியே வருவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கணக்கில் எடுக்க வேண்டியது உள்ளே போகிற, வெளியே வருகிற கம்பிகளை. அந்தக் கம்பிக்கு நேர்கீழே இருக்கும் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது, ரான்ஸ்போமர் கண்ணில் படாதபடியால். ஜன்னலைச் சாத்துவதாலும் பயனில்லை, காந்தப் புலம் சுவரைக் கடந்து வரும். தள்ளிப் படுத்தால் குறையும். அந்தப் பிள்ளையின் கட்டிலைப் பின் அறைக்கு மாற்றச் சொன்னேன். இரைச்சலுக்கும் அது நல்லது.

இன்னொன்று. கம்பிகளுக்குக் கீழே, பனங்குற்றிகளில் கட்டிய எங்கள் முட்கம்பி வேலியில் கை வைத்தால் காலையில் சுள்ளென்று ஒரு கடி. பேய் பிசாசு இல்லை, மேலே போகும் உயர் அழுத்தம் கீழே கம்பியில் தூண்டுகிற மின். கிணற்றடி ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து வேலியோடு இணைத்தேன், நின்றுவிட்டது. இதை வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நானா?

எனக்கு உண்மையில் பயம் எண்ணெயில்தான். ஒரு பெரிய ரான்ஸ்போமருக்குள் ஆயிரக்கணக்கான லீற்றர் எண்ணெய் இருக்கும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்து, 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னதை எல்லோரும் அறிவோம். அது எண்ணெயில் ஓடிய மின் உற்பத்தி நிலையம், இது வேறு. ஆனால் எங்கள் கிணறும் கிணறுதானே. ஒழுகினால் பிடிக்கிற தொட்டி இருக்கிறதா, மாரி மழையில் அது நிரம்பி வாய்க்காலுக்கு வருமா என்று கேட்டால் பதில் இல்லை. பழைய ரான்ஸ்போமர் எண்ணெயை முழங்கால் நோவுக்குப் பூசுகிறவர்களையும் இங்கே கண்டிருக்கிறேன். பழைய எண்ணெயில் பிசிபி என்ற நஞ்சு இருக்கக்கூடும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

கறன்ற் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஜாம் போத்தல் விளக்கில் விடைத்தாள் திருத்திய கண் இது. நிலையத்தை அகற்றச் சொல்லியும் நான் எழுதவில்லை. மின்சாரப் பகுதியினரே, காந்தப் புலம் அளக்கும் மீற்றரோடு வந்து அளந்து, அளவை வீட்டுக்கு வீடு தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். காலை பத்து மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போக வேண்டாம். கம்பியில் எவ்வளவு மின் ஓடுகிறதோ அவ்வளவுக்குத்தான் புலம். ஊரே விளக்குப் போட்டு, சமைத்து, மின்விசிறி சுற்றுகிற நேரம் இரவு. உங்கள் சொந்தக் கட்டணப் பட்டியலிலேயே உச்ச நேரம் மாலை 6.30 முதல் 10.30 வரை என்றுதானே இருக்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத் தை மாதம் நாள். அதற்கு முன்னர் யாராவது வந்தால் முதலில் அளக்க வேண்டியது அவளுடைய பின் அறையை.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வவுனியா வடக்கு