யுத்த காண்டத்தைக் கொடுத்துவிட்டேன்

அக்கா,

அப்பாவின் தலைத்திவசம் முடிந்த மறுநாளே அந்தக் கம்பராமாயணத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாய். மன்னித்துக்கொள். ஆனாலும் நூலகக் கூரை ஒழுகிய மழையில், நனையாமல் இருக்கட்டும் என்று ஆளுக்குக் கொஞ்சமாக வீட்டுக்குத் தூக்கிவந்த புத்தகங்களில் அது ஒன்று. ஊர்ச் சொத்து. உன் வீட்டு அலமாரிக்கு அது எப்படிப் போகும்?

காலிகோ அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்த துளை, முதல் பக்கத்தில் ஊதா முத்திரை. திருமுடி சூட்டும் பக்கம் மட்டும் அப்பாவின் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருக்கும்.

கரண்ட் போன அந்த ராத்திரி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. நீ திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறாய், நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அரியணையை அனுமன் தாங்குகிறான், அங்கதன் உடைவாள் ஏந்துகிறான், பரதன் வெண்குடை பிடிக்கிறான். “மரபுளோர் கொடுக்க வாங்கி வசிட்டனே புனைந்தான் மௌலி” என்று நீ முடித்ததும் அப்பா, “இரு இரு, கிரீடத்தை எடுத்துக் கொடுத்தது யாரு?” என்றார்.

“சடையன் வீட்டு முன்னோர்.”

“பாத்தியா! தனக்குச் சோறு போட்டவன் குடும்பத்தை அயோத்தி வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான் நம்ம தேரழுந்தூர்க் கம்பன்.”

மேட்டூர் திறக்காமல் குறுவை போட முடியாத வருஷம் அது. அன்றைக்கு மட்டும்தான் அப்பா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்றைக்கும் அந்தப் பாட்டு உன் குரலில்தான் எனக்குக் கேட்கிறது. சரி, ஒரு தடவையாவது புத்தகத்தை என் பக்கம் நீட்டினாயா? அவர் படுக்கையில் விழுந்த பிறகு படித்துக் காட்டியது நான். சந்தி பிரிக்கத் தெரியாமல், திக்கித் திக்கி. அவர் திருத்தவே இல்லை. உன்னை என்றால் வரிக்கு வரி திருத்துவார்.

வீட்டு விஷயம், கையெழுத்து விஷயம் இங்கே வேண்டாம். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை, அது மட்டும் இருக்கட்டும்.

நூலகர் புதுத் தேதிச்சீட்டு ஒட்டியிருக்கிறார். ஆடிப்பெருக்குக்கு வந்தால் என் கார்டில் எடுத்துத் தருகிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டு. ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தம்பி